பக்கத்து மனையில் சமாஜத்தின் ஏழு மாடி: தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாட்டுங்கா கிழக்கில் உங்கள் மூன்று மாடிக் கட்டடத்தை ஒட்டி ஒரு பஜனை சமாஜம் இருக்கிறது. கீழே சந்நிதி, மேலே ஒரு சிறு கூடம். அதை இடித்துவிட்டு ஏழு மாடி எழுப்பப்போவதாகவும், அதில் கல்யாண மண்டபமும் வெளியூர் பக்தர்களுக்குத் தங்கும் அறைகளும் வரும் என்றும் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். இப்போதே முகூர்த்த நாட்களில் உங்கள் கேட்டை மறித்து வண்டிகள் நிற்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி அலறுகிறது. போய்க் கேட்டதற்குக் கோவில் விரோதி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இதைச் சட்டப்படி தடுக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அந்தச் சமாஜம் அங்கே இருக்கக் கூடாது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் மகளுக்குக் காது குத்தியதே அந்தச் சந்நிதியில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கேள்வியை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: சாமியின் பேரால் நிலம் வைத்திருப்பவர்கள் அதில் என்ன செய்தாலும், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் வாய் திறக்க இடமே இல்லையா?

இடம் இருக்கிறது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மும்பையில் 31 ஆண்டுகளாகப் பொது அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்துவருகிறேன். கோவில், மடம், பஜனை மண்டலி, பள்ளிக்கூடம் என்று எல்லாம் உண்டு. வக்கீல் இல்லை. இந்த மாதிரிச் சண்டைகளில் பெரும்பாலும் மேஜைக்கு அந்தப் பக்கம், டிரஸ்டிகளோடு உட்கார்ந்திருந்தவன். அந்தச் சாய்வு என் பதிலில் எங்காவது தலைகாட்டினால் கழித்துக்கொண்டு படியுங்கள். உங்கள் சமாஜத்தின் தாள் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் சில இடங்களில் ‘இப்படி இருந்தால் இப்படி’ என்றுதான் சொல்ல முடியும்.

சட்டப்படி உறுதியானதை முதலில் சொல்கிறேன், கசப்பாக இருந்தாலும். சொந்த மனையில், முறையான அனுமதியோடு ஒரு வழிபாட்டு அமைப்பு கட்டடம் கட்டினால், ‘இங்கே கோவில் வேண்டாம்’ என்ற ஒரே காரணத்துக்காக எந்த அலுவலகமும் அதை நிறுத்தாது. அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு சமயப் பிரிவுகளுக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. டிரஸ்டிகள் மேடையில் இந்தப் பிரிவை மேற்கோள் காட்டும்போது பாதியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தச் சொத்தைச் ‘சட்டத்துக்கு இணங்க’ நிர்வகிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதைப் படிக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த மறுபாதி. அது மும்பையில் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது: அறக்கட்டளைகளைப் பார்க்கும் சேரிட்டி கமிஷனர், மாநகராட்சி, போலீஸ். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மனு எழுதி, பத்துப் பேருக்கு நகல் அனுப்புவது நம்மவர்களின் வழக்கம். அப்படிப்பட்ட மனு மூன்று இடத்திலும் ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்ற குறிப்போடு தூங்கும்.

வொர்லியில் இருக்கும் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம், 1950இன்படி பதிவான ஒவ்வொரு டிரஸ்டுக்கும் ஒரு பதிவெண் உண்டு. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். ‘ஏ’ என்றால் இந்து சமய அறக்கட்டளை. ‘எஃப்’ என்றால் சங்கமாகவும் பதிவானது. அதற்கு உறுப்பினர்கள், பொதுக்குழு எல்லாம் இருக்கும். நம் தமிழ்ச் சமாஜங்களில் பல இந்த இரண்டாவது வகை. அந்த எழுத்து எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். பதிவேட்டின் முதல் அட்டவணையில், ‘ஷெட்யூல் ஒன்று’ என்பார்கள், டிரஸ்டிகளின் பெயர்களும் அசையாச் சொத்துகளும் பதிந்திருக்கும். அதற்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். டிரஸ்டிகள் மாறினாலோ சொத்து மாறினாலோ 90 நாட்களுக்குள் மாற்ற அறிக்கை தர வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. என் அனுபவத்தில், காலமான டிரஸ்டிகளின் பெயர்கள் பதிவேட்டில் பத்து வருடம் உயிரோடு இருக்கும். அப்படியானால் இன்று ஏழு மாடிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களின் பதவியே பதிவேட்டில் ஏறவில்லை என்று ஆகிறது. அது மட்டுமே திட்டத்தைக் கவிழ்த்துவிடாது. ஆனால் உங்களை மதிக்காத செயலாளர் அடுத்த நாளே உங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்.

அடுத்தது, தணிக்கையாளன் எவனும் முதலில் கேட்கும் கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது? ஏழு மாடி என்பது உண்டியல் காசில் எழும்பும் விஷயமில்லை. வழிகள் மூன்றுதான். பக்தர்கள் தரும் நன்கொடையில் கட்டுகிறார்கள் என்றால் கமிஷனரின் முன் அனுமதி தேவையில்லை. உங்களுக்கு இந்தக் கதவு மூடியது. கடன் வாங்கிக் கட்டுகிறார்கள் என்றால் 36அ பிரிவின் மூன்றாம் உட்பிரிவு குறுக்கே வரும். அடமானம் வைத்தோ வைக்காமலோ, டிரஸ்டி கடன் வாங்க வேண்டுமானால் கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். மூன்றாவது வழிதான் இந்த ஊரில் அதிகம்: ஒரு பில்டர் வருவார், சமாஜத்துக்கு மூன்று மாடி இலவசமாகக் கட்டித் தருவார், மேல் மாடிகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார். அந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் டிரஸ்டின் சொத்தில் ஒரு பகுதி கைமாறுகிறது. விற்பனை, பரிமாற்றம், தானம் எதுவானாலும் 36ஆம் பிரிவின்படி முன் அனுமதி இல்லாமல் செல்லாது. விவசாயம் அல்லாத நிலத்தையோ கட்டடத்தையோ மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் அப்படியே. அனுமதி கேட்டு வந்தால் இது டிரஸ்டின் நலனுக்கும் ஆதாயத்துக்கும் பாதுகாப்புக்கும் உகந்ததா என்று கமிஷனர் பார்ப்பார். உண்மையை மறைத்து வாங்கிய அனுமதி என்றால் பிறகு ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

மண்டபத்தை நடத்தப்போவது யார் என்பதையும் விசாரியுங்கள். ஏதாவது ஒரு கேட்டரிங்காரருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வெளியாள் சமையலுக்குத் தடை போடுவது நடப்பில் இருக்கிறது. அதைக் குத்தகை என்று எழுத மாட்டார்கள். லீவ் அண்ட் லைசென்ஸ், அதாவது பயன்படுத்திக்கொள்ள மட்டும் அனுமதி, என்று 11 மாதத்துக்கோ 36 மாதத்துக்கோ எழுதிப் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். அது உள்ளபடியே குத்தகைதானா என்பது வாதத்துக்குரியது. ஒப்பந்தத்தின் வரிகளைப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வரிக் கணக்கிலும் கொஞ்சம் தடயம் கிடைக்கும். ஜி.எஸ்.டி. விலக்குப் பட்டியலில் ‘கல்யாணமண்டபம்’ என்ற நம் சொல் அப்படியே ஆங்கில எழுத்தில் இடம்பெற்றிருக்கிறது, தெரியுமா? பதிவு பெற்ற சமய அறக்கட்டளை தன் கோவில் வளாகத்து மண்டபத்தை நாளொன்றுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாகவும், அறைகளை 1,000 ரூபாய்க்குக் குறைவாகவும் விட்டால் வரி இல்லை. மாட்டுங்காவில் புது மண்டபத்தை அந்த வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பொது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் பகுதிக்கு மாநகராட்சிச் சொத்து வரியில் உள்ள விலக்கும், வாடகை வரும் பகுதிக்குக் கிடையாது. துண்டறிக்கையில் ‘தெய்வத் திருப்பணி’ என்று போட்டிருக்கும் ஏழு மாடியில் வரித்துறை கண்ணுக்குத் திருப்பணி எத்தனை மாடி, வியாபாரம் எத்தனை மாடி என்பது ஆண்டுக் கணக்கிலேயே பிரிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்க நீங்கள் யார் என்பார்கள். பதிவெண்ணின் முன்னால் நிற்கும் அந்த எழுத்து இங்கேதான் வேலை செய்கிறது. ‘நலன் உடையவர்’ என்று சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. அவர்கள்தான் கமிஷனர் முன் நிற்க முடியும், அனுமதி பெற்று வழக்கும் போட முடியும். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டுக்காரர் அந்த வரையறையில் இல்லை. ஆனால் கோவில் என்றால், அங்கே வழிபடும் உரிமை உடையவரும் வழிபட்டு வருகிறவரும் நலன் உடையவர். பதிவான சங்கம் என்றால் அதன் உறுப்பினர். நீங்கள் கிருத்திகைக்குக் கிருத்திகை அந்தச் சந்நிதியில் கைகூப்பி நின்றவர். உங்கள் மாமனார் சமாஜத்தின் பழைய உறுப்பினர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து பில்டிங்காரராகப் போய்க் கேட்டதால் உங்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் பக்தராகவும் உங்கள் மாமனார் உறுப்பினராகவும் கேட்டிருந்தால் அப்படி எளிதாக அனுப்பியிருக்க முடியாது. கோவில் விரோதி என்று அவர்கள் உங்களுக்குச் சூட்டிய பட்டம் அவர்களுக்கு எவ்வளவு வசதியானது என்று இப்போது புரிகிறதா?

இனி நிலம். மாட்டுங்காவில் இது தனிக்கதை. 1896இல் பிளேக் வந்து ஊரைக் கலைத்த பிறகு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா பக்கத்து வயல்களை எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்து நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது அந்த அமைப்பு. 1933இல் அது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அதனால் இங்கே பல மனைகளுக்கு இன்றும் மாநகராட்சிதான் நிலச் சொந்தக்காரர். மேலே கட்டடம் வைத்திருப்பவர் குத்தகைதாரர். உங்கள் சமாஜத்தின் மனையும் அப்படிப்பட்டதா என்பது நிலம் யார் பேரில் என்று காட்டும் பிராப்பர்ட்டி கார்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். குத்தகை நிலம் என்றால் மாநகராட்சியின் எஸ்டேட் பிரிவில் பழைய குத்தகைப் பத்திரம் இருக்கும். எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். வீட்டு மனையாகவோ வழிபாட்டுக்காகவோ கொடுத்த இடத்தில் வாடகை மண்டபம் வருவதற்கு நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டியிருக்கலாம். டிரஸ்டிகளே இந்தப் பத்திரத்தைப் படித்திருக்க மாட்டார்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் வாங்கியது, பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே இருக்கும்.

மாநகராட்சியின் கட்டட அனுமதியைப் பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. இங்கே வரைபடத்துக்குக் கிடைக்கும் முதல் தாளின் பெயரே ‘மறுப்பு அறிவிப்பு’ என்று அர்த்தப்படும், ஐ.ஓ.டி. என்பார்கள். ‘இந்தந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் வரை மறுக்கிறோம்’ என்பதுதான் இந்த ஊரில் சம்மதம். பிறகு பிளிந்த் (அடித்தள) மட்டம் வரை கட்ட ஒரு சி.சி., அதாவது வேலை தொடங்கும் சான்று, அதைச் சரிபார்த்த பின் மேலே கட்ட அடுத்தது, எல்லாம் முடிந்தபின் குடியேறலாம் என்ற ஓ.சி. மாட்டுங்காவும் அடங்கிய பழைய மும்பையில், ‘தீவு நகர்’ என்பார்கள், அடிப்படைத் தள விகிதம் 1.33, அதாவது மனைப் பரப்பைப் போல 1.33 மடங்கு கட்டலாம். அதற்கு மேல் எவ்வளவு வாங்கலாம் என்பது முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. உங்கள் சந்து எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு மாடி தாளில் நிற்குமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. டேப் பிடித்து நீங்களே அளந்துவிடலாம். ஐ.ஓ.டி. வந்துவிட்டதா, அதன் நிபந்தனைகள் என்ன, தீயணைப்புத் துறை என்ன சொன்னது, வண்டி நிறுத்தம் எத்தனை காட்டியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். 1991ஆம் ஆண்டு விதிகளில் வழிபாட்டு இடத்துக்கும் மக்கள் கூடும் அரங்குக்கும் மனையைப் போலீஸ் கமிஷனரும் ஏற்க வேண்டும் என்று இருந்தது. கோப்பில் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

கேட்பதையெல்லாம் பிளிந்துக்கு முன் கேட்டுவிட வேண்டும். 2025 ஏப்ரலில் வில்லே பார்லேயில் ஒரு ஜைனக் கோவிலை மாநகராட்சி இடித்தபோது நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், வார்டு அதிகாரியை மாற்றினார்கள். அந்த வழக்கின் நியாயம் எப்படியானாலும் இருக்கட்டும். சாமி குடியேறிய கட்டடத்தில் கைவைக்க இனி எந்த அதிகாரி முன்வருவார்? சந்நிதியை முதலில் கட்டிக் கும்பாபிஷேகத்தை முடித்துவிட்டு, மண்டபத்துக்கு அனுமதி பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டிக் கூட்டங்களில் யோசனை சொன்னவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

வெளிச்சம், காற்று போய்விடும் என்று வழக்குப் போடலாம் என உங்கள் வக்கீல் நண்பர் சொன்னது பாதி சரி. இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கு, பக்கத்து மனையின் மேல் உள்ள அனுபவ உரிமைகளைச் சொல்லும் ஈஸ்மெண்ட் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் கொஞ்சம் குறைந்தது என்றால் போதாது, இருப்பதற்கே இடைஞ்சல் என்று காட்ட வேண்டும். இந்த நெருக்கமான ஊரில் அதை மட்டும் நம்பித் தடையுத்தரவு வாங்குவது கடினம் என்பது என் கணிப்பு. வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

ஒலிபெருக்கி விஷயத்தில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இரவு. ஐந்து மணி சுப்ரபாதம் எவ்வளவு மங்களகரமானாலும் சட்டத்தின் கணக்கில் நடுராத்திரிதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். மூடிய மண்டபத்துக்குள் இரவில் ஒலி வைக்க விலக்கு இருக்கிறது, ஆனால் சத்தம் சுவரைத் தாண்டி எவ்வளவு வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. புது மண்டபத்துக்கு ஒலித்தடுப்புச் சுவர் கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இதில் நமக்கு ஊர்ப் பெருமையே உண்டு: சென்னையில் ஒரு சர்ச்சுக்கும் அதை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்களுக்கும் நடந்த வழக்கில்தான், மற்றவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் குர்லா நேரு நகர்க்காரர்கள் போட்ட வழக்கில், ஒலிபெருக்கி மதத்தின் இன்றியமையாத பகுதி ஆகாது என்றது. புகார் கொடுத்தவர் யார் என்பதைப் போலீஸ் வெளியில் சொல்லக் கூடாது என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரி, ஒரே தெருவில் காலம் தள்ள வேண்டிய உங்களுக்குப் பெரிய வரம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு பழைய தவற்றையும் சொல்ல வேண்டும். கிழக்குப் புறநகரில் ஒரு சமாஜம், பெயர் வேண்டாம். மண்டபம் கட்டியபோது ‘அனுமதி கையில் இருக்கிறது, அண்டை அயலைக் கேட்க வேண்டிய அவசியமில்லை’ என்று டிரஸ்டிகளுக்குச் சொன்னவன் நான். சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்து பில்டிங்கின் மூன்றாவது மாடியைப் பார்த்து வைக்கப்பட்டது. அங்கே ஒரு மாமி தனியாக இருந்தார். இரண்டு முறை கடிதம் எழுதினார், பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கே வந்துவிட்டார். கையில் ஓர் எவர்சில்வர் சம்படம். திறந்து மேஜை நடுவில் வைத்தார். உள்ளே காயவைத்த ஜவ்வரிசி வடாம். “எடுத்து முகர்ந்து பாருங்கள். இன்னும் பொரிக்கவே இல்லை” என்றார். பொரித்த எண்ணெயும் சாம்பார்ப் பொடியுமாக அதில் ஒரு வாடை. செயலாளர் சிரித்து, “மாமிக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஆறு வருடம் அந்த மாமி மாநகராட்சி, போலீஸ், சேரிட்டி கமிஷனர் என்று ஓர் அலுவலகத்தையும் விடவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் ‘சட்டச் செலவு’ என்ற தலைப்பில் வவுச்சர்களை நான் சரிபார்த்தேன். ஏழாவது வருடம் புதிதாக வந்த ஒரு டிரஸ்டி, புகையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோக ஒரு தகரக் குழாய் போட்டார். ‘பழுதுபார்ப்பு’ என்ற தலைப்பில் ஒரே ஒரு பில். முந்தைய ஆறு வருடங்களில் எந்த ஒரு வருடத்தின் வக்கீல் செலவைவிடவும் அது குறைவு.

அதனால் ஏழு மாடியை நிறுத்து என்று போகாதீர்கள். வரைபடத்தில் மாற்றக்கூடியதைக் கேளுங்கள். சமையலறைப் புகை மொட்டை மாடிக்குப் போகட்டும். ஜெனரேட்டரும் எச்சில் இலைத் தொட்டியும் உங்கள் சுவர்ப் பக்கம் வேண்டாம். மண்டபத்தின் வாசலும் வண்டி நுழைவும் பெரிய சாலைப் பக்கம் இருக்கட்டும். வருடத்தில் இத்தனை நாளுக்கு மேல் வாடகைக்கு விடுவதில்லை என்று பொதுக்குழுத் தீர்மானம் போடட்டும். வாய்ச்சொல்லாக எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். செயலாளர் மாறினால் வாக்கும் மாறும். தீர்மான நகலும் கட்டடக் கலைஞர் கையெழுத்திட்ட வரைபடமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாமனாரை அழைத்துக்கொண்டு போங்கள். ஆடி மாதம் போனால் நல்லது. முகூர்த்தம் கிடையாது, கமிட்டிக்காரர்களுக்கும் நேரம் இருக்கும், யார் வண்டியும் உங்கள் கேட்டை மறித்துக்கொண்டு நிற்காது.

அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. சமாஜத்தின் நன்கொடை ரசீது ஒன்று வீட்டில் எங்காவது இருக்கும், காதுகுத்துக்குக் கொடுத்ததே இருக்கலாம். அதன் தலைப்பில் பதிவெண் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து ‘ஏ’யா ‘எஃப்’பா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். மனுவை எந்த வாசகத்தில் தொடங்குவது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.